ஏழு அலசல்

பட்டுப்புழுவைத் தட்டில் போட்டு வளர்த்தவள் நான். புழுவே இல்லாமல், அதன் உடம்பிலிருந்து எடுத்த செல்லை மட்டும் ஒரு குப்பிக்குள் வைத்து வருஷக்கணக்காக வளர்க்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், வெயிலில் மூளை உருகிவிட்டதா என்று கேட்டிருப்பேன். இப்போது நானே அதைத் தெருவில் எல்லாருக்கும் சொல்கிறேன். ஒருத்தரும் நம்புவதில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அவள் நகரியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பேரப்பிள்ளைகள் தெலுங்கில் படிக்கிறார்கள், அவர்களுக்குத் தமிழ் வாயில் வரும், கையில் வராது. நான் 'கீது' என்று சொன்னால் இவள் 'இருக்கிறது' என்று எழுதிவிடுகிறாள். ஏண்டி என்றால், "பேசறத அப்பிடியே எழுதினா படிக்கிறவங்க சிரிப்பாங்க அத்த" என்கிறாள். சிரிக்கட்டுமே, அதிலென்ன?

நான் பிறந்தது புத்தூர் பக்கம். வாக்கப்பட்டது ராமகுப்பம் பக்கம், பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, வேன் ஓட்டுகிற மகனோடு திருப்பதிக்கு வந்துவிட்டேன். இங்கே வந்து ஒரு மாசம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்தால் எனக்குக் கால் வீங்கும். அடுத்த தெருப் பெண் ஒருத்திதான், "காலேஜில பாட்டில் கழுவ ஆள் கேக்குறாங்க, வரியா?" என்று கூட்டிப் போனாள். பூச்சிகளைப் பற்றிப் படிக்கிற இடம் அது. சரி, பாட்டில்தானே, கழுவினால் போச்சு என்று போனேன்.

அங்கேதான் அந்தப் பங்காருபாளையத்துப் பெண்ணைப் பார்த்தேன். மாந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை. பெரிய படிப்பு படிக்கிறது, டாக்டர் பட்டம் வரும், ஆனால் ஊசி போடாது. வீட்டில் தெலுங்கு, ஹாஸ்டலில் தமிழ்ப் பிள்ளைகளோடு பழகித் தமிழும் பேசும். இரண்டையும் ஒரே வாயில் கலந்து பேசும். சீசனில் ஒரு பை நிறைய மாம்பழம் கொண்டுவந்து கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, "ஆயா, துன்னு துன்னு, பாட்டில் எங்கியும் போவாது" என்று சொல்லும். அப்படிப்பட்ட பிள்ளை மேல் பாசம் வராமல் இருக்குமா?

முதல் நாளே அது என்னை உட்கார வைத்து எல்லாம் சொன்னது. பட்டுப்புழுவின் சினைப்பையிலிருந்து எந்தக் காலத்திலோ யாரோ எடுத்த செல். புழு எப்போதோ போய்விட்டது. செல் மட்டும் இரண்டு நாலாகி, நாலு எட்டாகி, குப்பி மாற்றிக் குப்பி மாற்றி இன்னமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

"அப்ப அந்தப் புழு செத்துச்சா, சாவலியா?" என்று கேட்டேன்.

"ஆயா, இத நீ மேடத்துகிட்ட கேளு. நான் பாஸ் ஆவணும்" என்றது.

மேடம்தான் அங்கே எல்லாருக்கும் மேலே. அவரிடம் கேட்கிற தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

புழுவுக்கு மல்பெரி இலை மாதிரி, இந்தச் செல்லுக்கும் தீனி உண்டு. இளமஞ்சளாகத் தண்ணீர் போலிருக்கும். மாவு மாதிரி ஒரு பொடி வாங்கி, டிஸ்டில் வாட்டரில் கரைத்து, வடிகட்டி, நான் கழுவிய கண்ணாடி பாட்டிலில்தான் ஊற்றி வைப்பார்கள். அவர்கள் வாயில் அதற்கு வேறு பெயர். நான் தீனி என்றுதான் சொல்வேன். கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணும் தீனி என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஒரு தடவை மேடம் எதிரிலேயே, "தீனி அயிப்போயிந்தி மேடம்" என்று, தீனி தீர்ந்துபோச்சு என்பதைத் தெலுங்கில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது.

எதற்காக இத்தனை பாடு என்றால், பால் நோய்க்காக. புழு வளர்த்தவர்களுக்குத்தான் அந்தப் பேர் தெரியும். நன்றாகத் தின்றுகொண்டிருக்கும் புழு, திடீரென்று தோல் மினுமினுத்து, கணு கணுவாக வீங்கி, தட்டு விளிம்பிலேயே சுற்றிச் சுற்றி வரும். தொட்டால் பால் மாதிரி ஒழுகும். ஒன்றுக்கு வந்தால் தட்டுக்கே வந்தது மாதிரி. எங்கள் வீட்டில் ஒரு வருஷம் கூடு கட்டுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது மொத்தமும் போயிற்று. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். என் வீட்டுக்காரர் அந்தக் குழிப் பக்கமே பிறகு போனதில்லை.

செல்லுக்குள்ளே ஜீன் என்று ஆயிரக்கணக்கில் இருக்கிறதாம். அதில் ஏதோ ஒன்று அந்த நோயை எதிர்த்து நிற்கிறது என்று அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம். அது எந்த ஜீன் என்று கண்டுபிடிக்கத்தான் படிப்பு.

"எப்பிடிம்மா கண்டுபிடிப்ப? கூப்பிட்டு நீதானான்னு கேப்பியா?"

"இல்ல ஆயா. ஒரு ஜீனை மட்டும் வேல செய்யாம நிறுத்துவேன். அதுக்குன்னு ஒரு மருந்து கீது. நிறுத்திட்டு நோயை வுடுவேன். எப்பவும் வர்றத விட ஜாஸ்தி நோய் வந்திச்சின்னா, காவக்காரன் அவன்தான்னு தெரியும். பக்கத்துலயே ஒரு குப்பி, அதுல ஒண்ணும் செய்யாம சும்மா வச்சிருப்பேன். ரெண்டையும் பக்கத்துல வச்சிப் பாத்தாத்தான் விஷயம் தெரியும்."

இது எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஏன் என்றால் என் மாமியாரை நாங்கள் அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

என் மாமியார் நாளெல்லாம் வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருப்பார். சாயங்காலமானால் புழு வீட்டுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார், அவ்வளவுதான். "கிழவி காத்து வாங்கப் போவுது" என்று நானும் ஓரகத்தியும் சிரிப்போம். ஒரு தடவை நாத்தனாரின் பிரசவத்துக்கு மூன்று மாசம் போய்விட்டார். போன நாலாம் நாள் தட்டெல்லாம் எறும்பு. புழு வளர்க்கிற தாங்கிக்கு நாலு காலிலும் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கும், எறும்பு ஏறாமல் இருக்க. அந்தத் தண்ணீர் தினம் வற்றும். அதைத் தினம் நிரப்பியவர் கிழவி. ஒரு நாள்கூடச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அது கைதட்டிச் சிரித்தது. "அதேதான் ஆயா! உங்க மாமியாரை நாக்டவுன் பண்ணிட்டீங்க!" என்றது. நாக்டவுன் என்றால் ஒன்றை வேலை செய்யவிடாமல் நிறுத்தி வைப்பதாம். மாமியாரை அப்படிச் செய்தோம் என்று கேட்க எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

இப்போது என் திருட்டைச் சொல்ல வேண்டும். மருமகள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதுடி, நான்தானே சொல்கிறேன்.

பாட்டில் கழுவ அங்கே ஒரு சட்டம் உண்டு. சோப்புப் பொடி போட்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பிறகு குழாய்த் தண்ணீரில் மூன்று வாட்டி, டிஸ்டில் வாட்டரில் மூன்று வாட்டி அலச வேண்டும். சுவரில் ஒட்டியே இருக்கிறதாம். எனக்கு வாயால் சொன்னார்கள். முதல் நாள் மூன்று வாட்டி அலசினேன். மனசு ஒப்பவில்லை. மூன்று என்பது என்ன கணக்கு? ஏழுமலைக்காரர் ஊரில் இருந்துகொண்டு மூன்றோடு நிறுத்துவதா? மலைக்கு ஒரு கோவிந்தா சொல்லி ஏழு வாட்டி அலசினேன். குழாய்த் தண்ணீர் இல்லை, டிஸ்டில் வாட்டர். கோவிந்தா, ஊற்று, குலுக்கு, கொட்டு. கோவிந்தா, ஊற்று, குலுக்கு, கொட்டு. விரல் மடக்கி எண்ணினால் ஈரக்கை வழுக்கும். கோவிந்தா வழுக்காது. கடைசியில் பாட்டிலை விரலால் வழித்தால் கீச் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இந்த டிஸ்டில் வாட்டர் லேசில் கிடைக்கிற தண்ணீர் இல்லை. மூலையில் ஒரு கண்ணாடி மெஷின், அது தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, சொட்டுச் சொட்டாக விடும். கல்யாணத்துக்குப் பெண் சம்மதம் சொல்கிற மாதிரி சொட்டும். அதைப் பார்த்துக்கொள்கிறவர் ஸ்டோர்க்காரர். சித்தூர்க்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு எப்போதும் எதையாவது தேடுவார். நான் சேர்ந்ததிலிருந்து அவருக்கு ஒரே புலம்பல்.

"இன்னா இது, தண்ணி புடிக்கிறேன், காணாப் போவுது! புடிக்கிறேன், காணாப் போவுது! பேய் குடிக்குதா?"

ஒரு தடவை மெக்கானிக்கையே கூப்பிட்டுவிட்டார். அந்த ஆள் மெஷினைக் கழற்றி, ஊதி, மாட்டி, "எங்கியும் லீக் இல்ல சார்" என்று போனான். நான் பக்கத்தில் நின்று விளக்கு பிடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை பங்காருபாளையத்துப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். "நீதான் தலைக்கு ஊத்திக்கிற போல" என்றார். அது பாவம், "நானா? நான் குளிக்கவே டைம் இல்லாம கீறேன் சார்" என்றது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு மாம்பழம் தின்னும்போது தொண்டையில் நின்றது, அது வேறு விஷயம்.

இப்படியே இரண்டு வருஷத்துக்குக் கிட்ட ஓடியது. ஒரு மழைநாள், ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கிக் கையை ஊன்றிவிட்டேன். மணிக்கட்டு போச்சு. மகன் ஆஸ்பத்திரிக்கு என்றான். நான் புத்தூருக்கு என்றேன். என் ஊர்க் கட்டு இருக்கும்போது மாவுக்கட்டு எதற்கு? புத்தூரில் பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளையும் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கட்டியவர், "பாட்டி, பாத்திரம் தேய்க்காத" என்றார். "பாத்திரம் இல்ல நைனா, சயின்ஸ்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டு மாற்ற வசதியாக, அங்கேயே தங்கச்சி வீட்டில் ஒன்றரை மாசம் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குப் பதில் காலேஜுக்குப் போனவள் இந்த மருமகள்தான். சுத்தம் என்றால் சுத்தம், அப்படி ஒரு சுத்தக்காரி. எங்கள் வீட்டில் குடத்தின் அடியில்கூட முகம் பார்க்கலாம். சோப்புப் பொடி இரண்டு கை போட்டு நுரை பொங்கத் தேய்ப்பாள். எழுத்தும் தெரிந்தவள். சுவரில் இருந்த சட்டத்தைத் தானே படித்துவிட்டு அப்படியே செய்தாள். ஸ்டோர்க்காரர் பூரித்துப்போய், "உங்க மாமியார் இல்லாம இருக்கச் சொல்லோ தண்ணி தங்குதும்மா, அது இன்னா அதிசயம்?" என்றாராம்.

இதை அவள் போனில் சொன்னபோது எனக்குப் பகீர் என்றது. இருந்தாலும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

கட்டுப் பிரித்து நான் திரும்பி வந்தபோது அந்தப் பெண் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. முகம் வாடிய கீரை மாதிரி இருந்தது.

"இன்னாம்மா, துன்னியா இல்லியா?"

"ஆயா, நா செல்ஸ் அன்னீ சச்சிப்போதுன்னாய்" என்றது. என் செல்லெல்லாம் செத்துக்கொண்டே இருக்கிறது என்று. தமிழில் சொல்லக்கூட அதற்குத் தெம்பில்லை. "மருந்து வுட்ட குப்பி மட்டும் செத்தா நான் சந்தோஷப்படுவேன். சும்மா வச்சிருக்கிற குப்பியும் சாவுது. அப்ப நான் எந்த ஜீனைக் குத்தம் சொல்றது?"

பாத்திரத்தில் ஒட்டி வளர வேண்டிய செல், ஒட்டாமல் சுருங்கி மிதக்கிறதாம். தீனி மாவை மாற்றிப் பார்த்தார்கள். குளிர் பெட்டியில் உறைய வைத்திருந்த பழைய செல்லை எடுத்துப் புதிதாக வளர்த்துப் பார்த்தார்கள். அதுவும் நாலே நாளில் அவுட். மேடம் கடைசியாகச் சொல்லிவிட்டாராம், மாசம் முடிவதற்குள் செல் நிமிர்ந்தால் சரி, இல்லையென்றால் இந்த வேலையை மூட்டை கட்டிவிட்டு வேறு ஒன்றை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று. இரண்டு வருஷப் பாடு, தொட்டியில் ஊற்றின மாதிரி போய்விடும்.

நான் மூக்கை உறிஞ்சினேன். கொசுவத்தி வாசனை. ஜன்னல் ஓரத்தில் சாம்பல் விழுந்திருந்தது.

"யாருடி இங்க கொசுவத்தி வச்சது?"

"நான்தான் அத்த, கால்ல புடுங்குது" என்றாள் மருமகள்.

"அடிப்பாவி! புழு வீட்ல கொசுவத்தியா? ஒரு வத்தியில நூறு தட்டு சுருண்டுடுமே!"

எங்கள் புழு வீட்டில் கொசுவத்தி கிடையாது, மூக்குப்பொடி கிடையாது, தைலம் தேய்த்தவர் உள்ளே வரக்கூடாது. என் வீட்டுக்காரர் பீடி குடித்துவிட்டு வந்தால் வாசலிலேயே கை கால் கழுவி, வாய் கொப்பளித்து, சட்டையை மாற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். எனக்கு அப்போது வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! இத்தனை படித்தவர்களுக்குத் தெரியாததை வந்த ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்த வத்தியைக் காலால் மிதித்தேன்.

அந்தப் பெண் பாவம், என் மனசு நோகாமல், "ஆயா, செல்லு மூடின குப்பியில, வேற ரூம்ல கீது. அதுக்கு மூக்கும் இல்ல" என்றது. ஆனாலும் வத்தியை நிறுத்திப் பார்த்தார்கள். அறையைத் துடைத்தார்கள். நாலு நாள் கழித்து எட்டிப் பார்த்தால், செத்தது செத்ததுதான். என் பெருமையும் அதோடு செத்தது.

அன்றைக்குத்தான் மேடமே தொட்டிப் பக்கம் வந்தார். மருமகளிடம், "பாட்டில் சரியா கழுவறியாம்மா?" என்று கேட்டார். கோபமாக ஒன்றும் இல்லை, கேட்டார், அவ்வளவுதான். இவள் சுவரைப் பார்க்காமலே ஒப்பித்தாள். பொடி, பிரஷ், குழாய்த் தண்ணீர் மூன்று, டிஸ்டில் வாட்டர் மூன்று. "எங்க, செஞ்சி காட்டு" என்றார். இவள் செய்து காட்டினாள். நான் கட்டுப் பிரித்த கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. பாட்டிலைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

என் வாய்க்குள் இன்னும் நாலு கோவிந்தா மிச்சம் இருந்தது.

மேடம் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் எழுந்து போய் அந்தப் பாட்டிலை விரலால் வழித்துப் பார்த்தேன். கீச் சத்தம் வரவில்லை. வழவழவென்று போனது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் இத்தனை நாள் தண்ணீரை யார் கொட்டினது என்று தெரிந்துவிடும். மெக்கானிக் வந்தது, அந்தப் பெண்ணைத் திட்டினது, எல்லாம் வரிசையாக வெளியே வரும். வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது மருமகள், "என் கையில எதுவோ தோஷம் போல அத்த. நாளைக்கி நான் வரல, வேற ஆள பாத்துக்க சொல்லு" என்றாள்.

அவள் கையில் தோஷமா? நான் பெற்ற மகனுக்கு இத்தனை வருஷமாகச் சோறு போடுகிற கை. அதை எழுதாதே என்கிறாள். எழுது.

மறுநாள் காலையில் அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். மேடம், அந்தப் பெண், ஸ்டோர்க்காரர் மூன்று பேரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று, மூன்று தடவை சொல்ல வேண்டாம்.

"தண்ணிப் பேய் நான்தான்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன், ஏழு மலை, ஏழு கோவிந்தா, மெக்கானிக்குக்கு விளக்கு பிடித்தது வரைக்கும். ஸ்டோர்க்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏழுமலையான் பேரைச் சொல்லியா என் தண்ணிய கொட்டின? நான் அவர்கிட்டியே போயி தண்ணி கம்மியாவுதுன்னு வேண்டிக்கினு வந்தேனே!"

"அதான் அவுரு ஒண்ணும் செய்யல" என்றேன்.

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏன் சொல்லலை இத்தனை நாள்?" என்றார்.

"மூணு தடவன்னு நீங்க சொன்னீங்க. ஏழுன்னா திட்டுவீங்கன்னு பயம். இவ நீங்க சொன்னபடியேதான் கழுவினா. இவ மேல ஒரு குத்தமும் இல்ல."

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று, "சோப்பு!" என்றது. "மேடம், சோப்பு மிச்சம்! அதுதான் தீனியில கலக்குது!" என்று கத்தி, என் கையைப் பிடித்துக் குலுக்கியது, உடைந்த கை என்றுகூடப் பார்க்காமல். நானும் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

மேடம், "கத்தாதே, செஞ்சி பாரு" என்றார். அதிலும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மருமகள் சில பாட்டிலை மூன்று வாட்டி அலச வேண்டும், சிலவற்றை ஏழு வாட்டி. தண்ணீரே படாத புத்தம்புது பாட்டிலும் சில. எது எந்தப் பாட்டில் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியக்கூடாதாம், தெரிந்தால் ஆசைப்பட்டு நல்லதாகப் பார்த்துவிடும். அதனால் மருமகள் ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் நூல் கட்டினாள். மஞ்சள் நூல், சிவப்பு நூல், பச்சை நூல். எது எது என்று அவளுக்கும் எனக்கும்தான் தெரியும். நாலு நாள் அந்தப் பெண் எங்கள் இரண்டு பேர் முகத்தையே பார்த்துக்கொண்டு அலைந்தது. நான் எதிரில் வந்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வேன். ரகசியம் காக்கிறதில் எனக்கு இருக்கிற பழக்கம் உங்களுக்குத்தான் தெரியுமே.

ஐந்தாம் நாள் அது எங்களைக் கூப்பிட்டது. "மஞ்சள் நூல் எல்லாம் போச்சு. சிவப்பும் பச்சையும் ஜம்முனு கீது. சொல்லுங்க, இன்னா இன்னா அது?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "நீயே சொல்லுடி" என்றேன்.

"மஞ்சள் மூணு. பச்சை புதுசு. சிவப்பு ஏழு" என்றாள். சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். அந்தப் பெண்ணும் அழுதது. நான் ஒருத்திதான் சிரித்துக்கொண்டு நின்றேன், எனக்கு அழுகை அவ்வளவு சீக்கிரம் வராது.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னைப் பெரிய பூதக்கண்ணாடியில் பார்க்க வைத்தார்கள். ஒற்றைக் கண்ணை மூடுவேனா, இரண்டு கண்ணாலும் பார்ப்பேனா என்று தெரியாமல் திணறினேன். பிறகு தெரிந்தது. ஊற வைத்த ஜவ்வரிசியைத் தட்டில் பரப்பின மாதிரி, உருண்டை உருண்டையாக, பக்கத்தில் பக்கத்தில் நெருங்கிக்கொண்டு. புழுவின் தலை இல்லை, கால் இல்லை, கூடு கட்ட வாய் இல்லை. ஆனாலும் அது என் புழுதான், எனக்குத் தெரிந்துவிட்டது. "நல்லா கீறியா?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தப் பெண் என் காதில், "ஆயா, உன்ன ஒன்றர மாசம் நாக்டவுன் பண்ணித்தான் உன் வேலையை கண்டுபுடிச்சோம்" என்றது. நான் என் மாமியாரை நினைத்துக்கொண்டேன். கிழவி இருந்திருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இப்பயாச்சும் தெரிஞ்சிச்சா?" என்று கேட்டிருப்பார்.

செல் நிமிர்ந்த பிறகு அதன் வேலை மளமளவென்று நடந்தது. மாசம் முடிவதற்கு முன்னாலேயே மேடம் தொடரச் சொல்லிவிட்டார். அது சந்தேகப்பட்ட ஜீனை நிறுத்திவிட்டு நோயை விட்டது. அதையும் எனக்குக் காட்டியது. சும்மா வைத்த குப்பியில் அங்கொன்று இங்கொன்றாகத்தான் நோய். ஜீனை நிறுத்திய குப்பியில் ஒவ்வொரு ஜவ்வரிசிக்குள்ளும் கல்கண்டு பொடித்துப் போட்ட மாதிரி பளபளவென்று அடைத்துக்கொண்டிருந்தது. அதுதானாம் பால் நோய். எங்கள் தட்டையெல்லாம் குழியில் போட வைத்தது இதுதானாம். இத்தனை அழகாகவா இருக்கும் என்று கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அவர் இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

"அப்ப காவக்காரன் கெடச்சிட்டானா?" என்றேன்.

"கெடச்சா மாதிரிதான் கீது ஆயா. இன்னும் ரெண்டு வாட்டி செஞ்சி பாக்கணும்" என்றது. அவர்களுக்கு எதையும் ஒரு தடவையில் நம்பிப் பழக்கமில்லை. நல்ல பழக்கம்தான்.

என் மணிக்கட்டுக்கு இப்போது கனம் தாங்காது. பாட்டில் கழுவுவது மருமகள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ந்த பாட்டிலின் வாய்க்கு மினுமினுப்புத் தாள் சுற்றுகிறேன். சுவரில் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதியது ஒட்டியிருக்கிறார்கள். எனக்காக அந்தப் பெண் அதில் ஏழு மலை வரைந்திருக்கிறது. மூன்றாவது மலை கொஞ்சம் கோணல். ஸ்டோர்க்காரர் இன்னொரு மெஷினுக்கு எழுதிப் போட்டிருக்கிறார், அது வரும்போது வரட்டும்.

மருமகளும் கோவிந்தா சொல்லித்தான் அலசுகிறாள். ஆனால் அவளுக்கு எப்போதும் அவசரம், பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்துவிடும். நேற்றுத் தாள் சுற்றிக்கொண்டே காதைக் கொடுத்துக் கேட்டேன். கோவிந்தா, கோவிந்தா என்று போய்க்கொண்டிருந்தது, பாட்டிலைக் கவிழ்க்கப் போனாள்.

"ஆறுதானே ஆச்சி?"

"ஏழு அத்த. ஒண்ண மனசுக்குள்ள சொன்னேன்."

"தண்ணியையும் மனசுக்குள்ளியே ஊத்தினியா?"

பாட்டிலை மறுபடி நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினாள். நன்றாகச் சத்தமாக, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி, "கோவிந்தா!" என்றாள். அங்கிருந்து அந்தப் பெண்ணும் பதிலுக்கு "கோவிந்தா!" என்று குரல் கொடுத்தது. மருமகள் பாட்டிலைக் கொட்டிவிட்டு, என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விரலால் வழித்தாள்.

கீச்.